செவ்வாய் தாண்டிய விஷம்

பானை மூச்சு விடுகிறது, மடியில் வைத்திருக்கும் பானையின் மண்சுவர் வழியாக அது பூங்காவனத்தின் தொடைக்கு வந்து சேர்கிறது, புஸ் என்று ஒன்று, சற்று நிறுத்தி இன்னொன்று, வாயில் கட்டிய வெள்ளைத் துணி உப்பித் தாழ்கிறது, பஸ் குலுங்குவதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ, எண்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிற பஸ்ஸில் அவளைச் சுற்றி ஐந்து சீட்டுகள் காலியாகக் கிடக்கின்றன, படிக்கட்டில் ஒற்றைக் கட்டைவிரலில் நிற்கிற ஆள்கூடக் காலிச் சீட்டைப் பார்த்துவிட்டு, தொங்குவதே மேல் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கண்டக்டர் டிக்கெட்டை முன்சீட்டுக்காரரிடம் கொடுக்க, அவர் அதைக் குடையின் நுனியில் செருகி நீட்டுகிறார், நீ எழுந்திருக்காத தாயி, ஒக்காந்தபடிக்கே இரு, அண்ணே பள்ளம் பாத்துப் போங்க என்கிறார் கண்டக்டர், இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாலையில் ஓட்டும் டிரைவர் அங்கே பள்ளம் இருப்பதை முதல்முறையாகப் பார்க்கிறார். பக்கத்தில், சீட்டில் கால்வாசி உட்கார்ந்து மீதி முக்கால்வாசியை நடைபாதைக் காற்றில் வைத்திருக்கும் ஏகாம்பரம், அவளைப் பெற்ற நைனா, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருகிறார், நல்லபாம்புங்க, நாலு முழம், எம் பொண்ணு புடிச்சா, ஒத்தையா உள்ள போயி புடிச்சா, ஆபீசருங்க அத்தினி பேரும் மேசை மேல நின்னுகினு இருந்தாங்க. ஏறும்போது மூன்று முழமாக இருந்தது இரண்டு நிறுத்தம் தாண்டியதில் நாலாகியிருக்கிறது, காலேஜ் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸின் நீளத்துக்கு வந்துவிடும், வாலை வெளியே விட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். பேப்பர் பத்திரமா கீதில்ல பாப்பா என்று நடுவில் குனிந்து கேட்கிறார், பத்திரமா கீது நைனா என்கிறாள் அவள், துணி முடிச்சின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்துகிறாள், மணி மூன்று, ஐந்து மணிக்குக் காலேஜ் ஆபீசில் ஜன்னலை மூடிவிடுவார்கள், அதற்குள் ஜாதிச் சான்றிதழை நீட்டாவிட்டால் அவளுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு இடம் இல்லாமல் போகும், இது வெள்ளிக்கிழமை, இதுதான் கடைசி நாள், வெளியே மேற்குப் பக்கம் வானம் ஈயச்சட்டியின் அடிபோலக் கறுத்து வருகிறது, மழை வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மழை வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவார்கள். ஏகாம்பரம் பிறந்தது அரிசி மில்லில், அவர் கட்டிக்கொண்டதும் மில்லில், பூங்காவனம் பிறந்ததும் அங்கேதான், அவித்த நெல் ஆவி பறக்கக் களத்தில் வந்து விழும், பரப்பிவிட்டு அரைமணிக்கு ஒருமுறை காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும், ஒரு கிளறல் தவறினால் அரிசி நொறுங்கிப் போகும், பள்ளிக்கூடம் மில் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கிளறலுக்கும் அடுத்த கிளறலுக்கும் நடுவில் சுவர் ஏறிக் குதித்து ஓடிப்போய் உட்காருவாள், வாத்தியார் பாதிப் பாடத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிடுவாள், நெல்லைக் கிளறிவிட்டுத் திரும்ப ஓடினால் அங்கே வேறு பாடம் பாதியில் நிற்கும், எட்டாம் வகுப்புவரை இப்படியே படித்ததால் அவளுக்குத் தெரிந்த ராஜாக்கள் எல்லாரும் பிறந்தார்கள், முடி சூடினார்கள், ஒருத்தரும் சாகவில்லை, அவள் கணக்கில் ரயில்கள் புறப்பட்டன, போய்ச் சேரவில்லை, தவளையின் தலையும் முன்கால்களும் தெரியும், பின்கால்கள் இன்னொரு கிளறலில் போய்விட்டன. வெயில்தான் எதிரி, மழை பெய்தால் நெல் காயாது, களம் கிடையாது, முழுநாளும் பெஞ்சில் உட்காரலாம் என்று பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவாள், மழை என்று லீவு விட்டிருப்பார்கள், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் நிற்பாள், கரும்பலகையில் நேற்றைய பாடத்தின் மறுபாதி அழியாமல் இருப்பது ஜன்னல் வழியாகத் தெரியும், அதை எட்டி எட்டிப் படிப்பாள், கண்ணில் மழை விழும், எழுத்துகள் நெளியும், அப்போதே அவை ஊர்ந்தன. மில்லை மூடினார்கள், ஏரிக்கரைக்குக் குடிசை மாறியது, ஏகாம்பரம் விறகு வெட்டப் போனார், களம் இல்லாத கால்களோடு அவள் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் முழு நாள் உட்கார்ந்தாள், விட்டுப்போன பாதிகளை எல்லாம் பழைய புத்தகங்களில் தேடித் தேடி ஒட்டினாள், ராஜாக்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், பன்னிரண்டாம் வகுப்பில் எண்ணூற்றுப் பன்னிரண்டு மார்க். அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது, அவள் கேட்டது அதுதான், தவளையின் பின்கால்களைப் பார்த்துவிட வேண்டும் என்று.

ஜாதிச் சான்றிதழ் கொடுக்கிற கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நைனாவும் அவளும் முதல்முறை போனபோது ஆபீசர் மார்க் பட்டியலை இரண்டு தடவை படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார், பொல்லாதவர் இல்லை, உட்காரும்மா என்றுகூடச் சொன்னார், உட்கார நாற்காலிதான் இல்லை. எண்ணூத்திப் பன்னெண்டு வாங்கியிருக்கே, பேச்சும் நல்லா பேசறே, உன்னைப் பாத்தா இருளர் பொண்ணு மாதிரியே தெரியலையேம்மா என்றார். இருளருங்கதான் சாமி, எங்க கன்னியம்மா மேல ஆணை என்றார் ஏகாம்பரம். எல்லாரும்தான் சொல்றான், நான் எதை வெச்சு எழுதறது, உங்க ஆளுங்க பாம்பு புடிப்பாங்க இல்ல, ஒண்ணு புடிச்சு என் முன்னால காட்டு, கண்ணால பாத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். ஏகாம்பரம் கும்பிட்ட கையை இறக்காமல், நான் மில்லுல பொறந்தவன் சாமி, எனக்கு நெல்லுதான் தெரியும் என்றார். நெல்லு கிளறிக் காட்டினா சர்ட்டிபிகேட் குடுன்னு எந்த அரசாணையிலயும் இல்லையேப்பா என்றார் ஆபீசர், பாம்பு பிடித்துக் காட்டினால் கொடு என்றும் எந்த அரசாணையிலும் இல்லை, அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளான குமாஸ்தா துரைக்கண்ணு பக்கத்தில் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், முப்பத்தொரு வருடமாக மேலே எதையும் சொல்லாமலேயே வேலை பார்த்தவர் அவர், மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாம்பைக் கொடுத்தது மங்கா அத்தை, ஏகாம்பரத்தின் அக்கா, மருந்துக்காக விஷம் எடுக்கிற பாம்புப் பண்ணையில் வேலை, பக்கத்து வீட்டுக்கு உலக்கை கொடுப்பதுபோலப் பானையோடு தூக்கிக் கொடுத்தாள், பாதி மணல், மேலே மூச்சு விடத் துணி, கழுத்தில் இரண்டு சுற்றுக் கயிறு. நேத்து செவ்வாக்கெழமதான் வெசம் எடுத்தாங்க, அடுத்த செவ்வா வரைக்கும் இது வெறும் அர்ணாக்கயிறு, கொழந்த கையில குடுக்கலாம், செவ்வா தாண்டி வெச்சுக்காதீங்கடா, தாண்டுச்சின்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல என்றாள். ஏகாம்பரம் அதைக் கேட்காமல் பானையிலிருந்து எட்டு அடி தள்ளிப் போய் நின்றிருந்தார், இங்க வாடா, வாங்கிக்க, நீ எனக்குத் தம்பியா பொறந்தியா மில்லுக்காரனுக்குப் பொறந்தியா என்று அத்தை சிரித்தாள், வாங்கிக்கொண்டது பூங்காவனம்தான், கையில் வாங்கிய கணம் பானை ஒருமுறை மூச்சு விட்டது, அப்படித் தொடங்கியது. எப்பனா வெளிய வந்துட்டா தொரத்தாத பொண்ணே, பானையைச் சாய்ச்சு வெச்சுட்டு நவுந்து நில்லு, அதுக்கும் ஒரு வூடு வேணும், இஷ்டப்பட்டா தானா பூந்துக்கும். இஷ்டப்படலன்னா அத்தை? இஷ்டப்படலன்னா நீ யாரு, அது யாரு, என்றாள் அத்தை.

இதே பஸ்ஸில்தான் புதன்கிழமை காலையில் போனார்கள், ஒன்பது நாளைக்கு முன்னால், அப்போதும் சீட்டுகள் காலி, அப்போதும் டிக்கெட் குடையில் வந்தது, ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, மனுக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்தது, மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நின்று வாத்து வந்துபோகும் என்பார்கள், அவர்கள் பானையோடு உட்கார்ந்ததும் தாழ்வாரம் காலியானது, நாய்கூட எழுந்து போய் வெயிலில் படுத்தது. ஆபீசர் முகாமுக்குப் போயிருந்தார், நாளைக்கு வாங்க. மறுநாள் கலெக்டர் கூட்டம். வெள்ளிக்கிழமை வந்தார், அவர் கண் பானைமேல் பட்டது, இதோ கூப்பிடறேன் என்றார், கூப்பிடுவதற்குள் ஜீப் வந்து அவரைக் கூட்டிப் போனது. சனியும் ஞாயிறும் ஆபீசுக்கு லீவு, விஷத்துக்கு லீவு இல்லை. அவளுக்கு அது கேட்டது, சத்தியமாகக் கேட்டது, பானைக்குள் எங்கோ சின்னக் குழாயிலிருந்து சொட்டுவதுபோல, ஒரு நாளைக்கு ஒரு சொட்டு, சில நாள் இரண்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடி கண் அசந்தால் களம் வரும், வெயிலில் நெல் பரந்து கிடக்கும், காலால் கிளறிக்கொண்டே போவாள், நெல்லுக்கு அடியில் ஏதோ ஒன்று அவள் காலுக்கு முன்னால் கிளறிக்கொண்டு போகும், செத்துப்போன ராஜாக்கள் களத்தின் ஓரத்தில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்க என்பார்கள், விழித்தால் நைனாவின் தோள், மடியில் பானை, துணியின் மறுபக்கத்தில் கண்ணாடி மணிபோல ஒரு கண். திங்கட்கிழமை யாரோ மந்திரி அந்த வழியாகப் போனார், ஆபீஸ் முழுவதும் சாலைக்குப் போய் நின்று வந்தது. செவ்வாய்க்கிழமை. நைனா, இன்னிக்கு செவ்வா என்றாள். தெரியும் பாப்பா. இன்னிக்குக் கூப்புடலன்னா அத்தைகிட்ட குடுத்துட்டு வேற வாங்கியாந்துடலாம் நைனா. போயிட்டு வர ஒரு நாளு ஆவும், அந்த நேரம் பாத்து கூப்புட்டான்னா, வெள்ளிக்கெழம கடைசின்னியே என்றார் அவர், பானையைப் பார்க்காமல். அவள் எழுந்துபோய்த் துரைக்கண்ணுவிடம் சொன்னாள், சார், இது செவ்வாய் தாண்டப்போவுது சார். எதும்மா? விஷம் சார், பழையபடி ஊறிடும். துரைக்கண்ணு பைலைப் புரட்டிப் பார்த்தார், மனுவில அதைப்பத்தி ஒண்ணும் இல்லையேம்மா என்றார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசர் மேசைக்குப் பின்னால், துரைக்கண்ணு அவருக்கு வலப்பக்கம், வேடிக்கை பார்க்க வாசலில் இன்னும் ஏழு பேர், பானை தரையில், நீ தள்ளி நில்லு பாப்பா, ஆம்பள நான் இருக்கேன் என்றார் ஏகாம்பரம், ஐம்பது வருடம் அவித்த நெல்லின் சூட்டில் தடித்துப்போன விரல்களால் முடிச்சை அவிழ்க்கிறார், அவிழவில்லை, பல்லால் இழுக்கிறார், வேண்டாம் நைனா என்கிறாள் அவள், துணி விலகுகிறது, எதுவும் நடக்கவில்லை, இவ்வளவுதானா என்று ஆபீசர் எட்டிப் பார்க்கக் குனிகிறார், அப்போது பானையின் வாயிலிருந்து அவசரமே இல்லாமல் அது எழுந்து நின்றது, மேல் அதிகாரி அறைக்குள் வருவதுபோல, படத்தை விரித்து ஒவ்வொருவராகப் பார்த்தது. ஏகாம்பரம் மேசைமேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது, ஏறிப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஆபீசர் நின்றிருந்தார், வாசலில் இருந்த ஏழு பேரில் நாலு பேர் நின்றிருந்தார்கள், துரைக்கண்ணு பீரோமேல் உட்கார்ந்திருந்தார், தரையில் நின்றது அவளும் பாம்பும்தான், அவள் நகராமல் இருந்ததால் பாம்பு அவளை ஒரு தூணாக எடுத்துக்கொண்டு, அவள் காலைச் சுற்றிப்போய், பக்கத்து ரெக்கார்டு ரூமின் கதவிடுக்கில் நுழைந்தது, வால் கடைசியாகப் போனது. அந்த அமைதியில் மேசைமேல் நின்றபடியே ஆபீசர், நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டே, எழுதுங்க துரைக்கண்ணு என்றார், பீரோமேல் உட்கார்ந்து துரைக்கண்ணு எழுதினார், மனுதாரரின் தகப்பனார் பாம்பைக் கண்டதும் மேசைமீது ஏறினார், பாம்பு பிடிக்கும் வழக்கமுடையவராகத் தெரியவில்லை, எனவே இவர் இருளர் என்பது ஐயத்திற்குரியது. மேசைமேல் அப்போது வேறு யார் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. ஏகாம்பரம் இறங்கி, காலியான பானையைக்கூட எடுக்காமல் வெளியே போனார், ஏரிக்கரை வந்ததும், பேசாம எங்கப்பன் மில்லுக்குப் போவாம இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை அவள் தனியாகப் போனாள். ஆபீசின் வட்ட சீல், அது விழாமல் எந்தத் தாளும் தாளாகாது, பத்திரத்துக்காக ரெக்கார்டு ரூமில் ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார்கள், பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம், இப்போது யாராலும் எடுக்க முடியவில்லை, அவள் பைலும் மார்க் பட்டியலும்கூட அங்கேதான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துரைக்கண்ணு கொண்டுபோய் வைத்த இடம். அவளைப்போல இருநூறு பிள்ளைகள் சான்றிதழுக்காக மரத்தடியில் நிற்கிறார்கள், தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்தது, பாம்பு மாடியில் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனது, ஆபீசர் நாற்காலியை மேசைமேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பைல் பார்க்கிறார், டீ டம்ளர் ஒட்டடைக் கம்பில் மேலே போகிறது, ஆபீஸ் முழுவதும் தரைக்கு இரண்டரை அடி உயரத்தில் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நைனாவைக் கூப்பிட்டாள், நான் வரல பாப்பா, என்னைப் பாத்து சிரிப்பானுங்க என்றார், தொணைக்கு வா நைனா, தாழ்வாரத்துல நில்லு போதும் என்றாள். மேசைக்கு முன்னால் போய் அண்ணாந்து நின்றாள், நான் உள்ள போறேன் சார் என்றாள். உங்கப்பனுக்கே தெரியாதேம்மா, உனக்குத் தெரியுமா? தெரியாது சார். தெரியாம எப்படிப் போவே? தெரிஞ்சவங்க யாரும் வரலையே சார், சீலு எடுத்தாந்தா எனக்கு எழுதிக் குடுப்பீங்களா? ஆபீசர் மேலிருந்து அவளைப் பார்த்தார், கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தார், ஏதாவது ஆச்சுன்னா நான் சொல்லி நீ போகலை, சரியா என்றார். சரி சார். பாம்பையும் எடுத்துக்கிட்டு வந்துடணும். சரி சார்.

கதவைத் திறந்து, பானையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் இல்லை, ஓட்டில் பதித்த ஒரு கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சத்தில் தூசி நின்றது, கூரைவரை சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள், கட்டு கட்டாக மனுக்கள், அறுபது வருடமாக யார் யாரோ நாளைக்கு வருகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போனவை, களத்தில் மூட்டைகள் அடுக்கிய கிடங்குபோலவே இருந்தது, வாசனைகூட மக்கிய உமிதான், கீழ்வரிசையில் தகரப்பெட்டி, அதன் மூடியின்மேல் மூன்று சுற்றாக அது, தலையைக் கடைசிச் சுற்றில் வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. துரத்தாதே. பானையைச் சாய்த்து வாயை அதன் பக்கம் வைத்து, நான்கு அடி நகர்ந்து, சுவரில் முதுகு படாமல் நின்றாள். புதனோடு எட்டு நாள், வெள்ளியோடு பத்து நாள், பத்துச் சொட்டு, இல்லை, அதற்கு மேலும், அவளுக்கு விஷம் இப்போது கேட்கவில்லை, நிறைந்துவிட்டால் சொட்டும் சத்தம் நின்றுவிடும் அல்லவா. நிற்கிறாள், வாத்தியார் பாதிப் பாடத்தில் இருக்கிறார், கால் நெல்லைத் தேடுகிறது, உடம்புக்குள் இருக்கிற அரைமணி முடிந்தது, ஓடு ஓடு என்கிறது, ஓடவில்லை, இந்த ஒரு பாடத்தை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அது அவிழ்ந்தது. பெட்டியிலிருந்து இறங்கித் தரையில் வந்து பானையின் வாயருகே நின்றது, நாக்கை உள்ளே நீட்டி, தான் இருந்த வீட்டைப் பார்த்தது, பாதித் தலையை உள்ளே வைத்தது, கன்னியம்மா கன்னியம்மா என்றாள் அவள் வாய்க்குள், தலையை எடுத்துக்கொண்டது. திரும்பிக் கட்டுகளின் நடுவே, சிவப்புத் துணிகளுக்கு உள்ளே, மெல்ல மெல்லப் போய்விட்டது, ஆபீசுக்குள் ஒருமுறை நுழைந்தது எது வெளியே வந்திருக்கிறது.

இன்னொரு அரைமணி நின்றாள். பிறகு பெட்டியைத் திறந்து சீலை எடுத்தாள், பைலை எடுத்தாள், பானையை நிமிர்த்தினாள், மணல் சிந்தக் கூடாதென்று வழக்கம்போலத் துணியைப் போட்டு முடிச்சிட்டாள், கைக்கு வழக்கமாகிவிட்டது, வேறு எண்ணம் இல்லை, வெளியே போய் வரலைங்க சார், உள்ளேயே போயிடுச்சு என்று சொல்லத்தான் கதவைத் திறந்தாள். திறந்ததும் மேசைகளின் மேலிருந்து ஒரே கூச்சல், புடிச்சிட்டா, புடிச்சிட்டாடா. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், தாழ்வாரத்திலிருந்து நைனா ஓடிவருகிறார், இருநூறு பிள்ளைகளையும் விலக்கிக்கொண்டு, எம் பொண்ணுங்க, எம் பொண்ணு புடிச்சிட்டா சாமி, நாங்க இருளருங்கதான் சாமி, பாருங்க சாமி, அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை, மில்லில் ஒருநாளும் இல்லை, வாய் அதுவாகவே மூடிக்கொண்டது. உள்ளதானே இருக்கு, என்றார் ஆபீசர், குரல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொறந்து காட்டட்டுங்களா சார் என்றாள். வேணாம், வேணாம் என்று இருபத்தாறு பேர் சொன்னார்கள். கொடுத்த வாக்குப்படியே எழுதினார், புதன்கிழமைத் தாளைக் கிழித்தார், மனுதாரர் என் கண்முன்னே நல்லபாம்பைப் பிடித்து அப்புறப்படுத்தியதால் என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டு, சீலைக் குத்தினார். அவள் வெளியே போகும்போது துரைக்கண்ணு பீரோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், வெறுங்கால்கள் தரையைத் தேடின. சார், அந்த ரூமுக்குள்ள யாரையும் வுடாதீங்க என்றாள் மெதுவாக. ஏம்மா, இன்னொண்ணு இருக்கா? நாங்க கொண்டாந்தது ஒண்ணுதான் சார் என்றாள். துரைக்கண்ணு பானையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ரெக்கார்டு ரூம் கதவைப் பார்த்தார், குனிந்து செருப்பை இழுத்து இரண்டு கால்களையும் அதற்குள் செருகிக்கொண்டார், சரிம்மா, நேரமாச்சு, நீ போ என்றார், மேலே எதையும் சொல்லாத அந்த வாயால். பின்னால் ஆபீசரின் நாற்காலியைத் தரையில் இறக்கும் சத்தம், அப்பாடா என்று யாரோ காலை நீட்டும் சத்தம், இருநூறு பிள்ளைகள் உள்ளே நகரும் சத்தம்.

பஸ் நின்றுவிட்டது, ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது, மூன்றரை மணி, கேட்டுக்கு அந்தப் பக்கம் காலேஜின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, எதிர்த்திசையில் போகிற பஸ் ஒன்று தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கடந்துவந்து, ஆள் ஏற்றிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் நிற்கிறது, ஆபீஸ் வழியாகப் போகிற பஸ், ஏறினால் நாலு மணிக்குள் அங்கே இறங்கி உண்மையைச் சொல்லிவிடலாம், முதல் தூறல் விழுந்தது. ஏகாம்பரம் பதறினார், பாப்பா மழ, ஜன்னலு சாத்தாது, பேப்பரு நனைஞ்சிரப் போவுது, எங்க வெச்சுக்கிற, பையிலயா, எங்க? அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே பஸ்ஸில் இருந்த எண்பது பேரும் டிரைவர் பக்கம் போனதில் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது, அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் ஒருவரும் பார்க்கவில்லை, ஏகாம்பரம் மட்டும் மூடவில்லை, நடைபாதையில் நின்றுகொண்டு, பாப்பா கைய வுடாத பாப்பா என்று அலறினார், அவள் முழங்கைவரை கையை விட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நைனா பார்க்காமல் மணலில் செருகிய சுருட்டிய தாளை எடுத்து அவருக்குக் காட்டினாள், பச்சை மை, வட்ட சீல், ஒரு மூலைகூட மடங்கவில்லை, உலகத்தில் யாரும் கைவைக்காத இடம் இதுதானே நைனா என்றாள். அவர் தாளைப் பார்த்தார், பானைக்குள் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அப்ப அது? அங்கதான் நைனா. எங்க? அந்த ரூமுலதான், அது வரமாட்டன்னுடுச்சு. ஏகாம்பரத்தின் உதடுகள் எதையோ எண்ணின, செவ்வாய், புதன், வியாழன். எதிர்ப் பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதினார், ஏகாம்பரம் அந்த பஸ்ஸைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், காலி இடம் நிறைய இருந்தது, பச்சை மையைக் கிழித்துப் போட அந்த ஆபீசருக்கு ஒரு நிமிஷம் போதும், ரயில் வந்தது, தடதடவென்று அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடுவதுபோல நெடுநேரம் ஓடியது, ஓடி முடித்தபோது எதிர்ப் பஸ் இருந்த இடத்தில் புகை இருந்தது. ஏகாம்பரம் வந்து உட்கார்ந்தார், இந்தமுறை முழுசாக, அவளோடு தோள் ஒட்டி, மேசையில இருந்தவங்க அத்தினி பேரும் இந்நேரம் கீழ எறங்கியிருப்பாங்க, இல்ல பாப்பா என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அவள் தாளைத் திரும்ப மணலில் படுக்க வைத்து, துணியைப் போட்டு, கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள், கேட் மேலே போகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, காலேஜ் கேட் திறந்திருக்கிறதா என்று கண்ணில் விழும் நீரோடு எட்டி எட்டிப் பார்க்கிறாள், பஸ் குலுங்கும்போதெல்லாம் மணலில் தாள் உரசிக்கொள்கிறது, புஸ் என்று ஒன்று, சற்று நிறுத்தி இன்னொன்று, உள்ளே அவள் பெயர் சுருண்டு கிடக்கிறது, முடிச்சின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொள்கிறாள், பானை மூச்சு விடுகிறது.